ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று, சரி; உங்கள் பாடங்கள் திரும்பி வருமா?

திருகோணமலை வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: “அக்கா, நட்பு நாடுகள் என்று சொல்லி அந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் இந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்ததாக அடிக்கடி செய்தி வருகுது. படத்தில் எல்லாரும் கைகுலுக்குகிறார்கள். அதுக்குப் பிறகு யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று ஒன்றும் தெரிவதில்லை. எங்களுக்கும் ஒரு செமஸ்டர் வெளியில் போய்ப் படிக்கிற வாய்ப்பு வந்தால் போகலாமா? அம்மா ஒரு வருடம் பிந்திவிடும் என்று பயப்படுறா. உண்மையில் இதனால் யாருக்குப் பலன்?”

போகலாம். என்னைக் கேட்டால் கட்டாயம் போங்கள் என்றுதான் சொல்லுவேன். ஆனால் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும், அது புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் பிரதி இல்லை. அது என்ன தாள் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள், முடிந்தால் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். என்னைப் பற்றி ஒரு வரி: திருகோணமலை உவர்மலையில் பிறந்து வளர்ந்தவள், இலங்கையின் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞானம் படிக்கும்போது எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் ஜேர்மனிக்குப் போய் வந்தேன், பிறகு விரிவுரையாளராகச் சேர்ந்து எங்கள் பீடத்தின் வெளிநாட்டுப் பரிமாற்ற ஃபைல்களை ஆறு வருடம் பார்த்தேன். போனவளாகவும் தெரியும், அனுப்பியவளாகவும் தெரியும்.

முதலில் அரசாங்கங்கள் ஏன் இதில் காசு போடுகின்றன என்று பார்ப்போம், அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். சீனக்குடாப் பக்கம் போகிறபோது காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியவை, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட போரின் மிச்சம் அவை. அதே போர் முடிந்தபோது அமெரிக்காவிடமும் உலகம் முழுக்க மிச்சச் சாமான் கிடந்தது: லொறி, இயந்திரம், கூடாரம் என்று. திருப்பி ஏற்றிக்கொண்டு போனால் செலவு அதிகம், அங்கேயே விற்கலாம் என்றால் வாங்குகிற நாடுகளிடம் டொலர் இல்லை. அப்போது ஆர்கன்சாஸ் மாநிலத்துச் செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு வழி சொன்னார். அந்தந்த நாட்டுக் காசிலேயே விற்போம், அந்தக் காசை மாணவர்களும் ஆசிரியர்களும் நாடுவிட்டு நாடு போய்ப் படிக்கச் செலவிடுவோம். 1946 ஆகஸ்ட் 1 அன்று ஜனாதிபதி ட்ரூமன் அதில் கையெழுத்திட்டார். இலங்கையோடு அந்த உடன்படிக்கை 1952இல் வந்தது, இன்றைக்கும் கொழும்பில் அமெரிக்க இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு இயங்குகிறது. போரில் மிஞ்சிய இரும்பை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய அந்த யோசனை எனக்கு இன்னும் பெரிய விசயமாகத்தான் தெரிகிறது, அந்தத் தாங்கிகளைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு நட்பு நாடுகள் என்ற கணக்கில் எல்லாரும் எடுத்துச் சொல்லுகிற உதாரணம் பிரான்சும் ஜேர்மனியும். 1870இலிருந்து 1945 வரைக்குள் மூன்று தரம் போரில் மோதிக்கொண்ட நாடுகள். 1963 ஜனவரி 22 அன்று பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலும் மேற்கு ஜேர்மன் சான்சலர் அடினாவரும் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள், அதே வருடம் இரண்டு நாட்டு இளைஞர்களையும் மாறி மாறி அனுப்புவதற்கென்றே ஒரு பொது அலுவலகம் திறந்தார்கள். ஆனால் பிரெஞ்சு ஜேர்மன் பல்கலைக்கழகம் என்ற ஒன்றுக்கான உடன்படிக்கை எப்போது வந்தது தெரியுமா? 1997இல், வைமார் நகரத்தில். தலைவர்கள் கைகுலுக்கி 34 வருடத்துக்குப் பிறகு. நடுவில் சின்னச் சின்ன முயற்சிகள் இருந்தன, என்றாலும் இரண்டு பட்டமும் ஒழுங்காகக் கைக்கு வருகிற மாதிரி ஒரு முழு ஏற்பாடு அமைய அவ்வளவு காலம் எடுத்தது. அதற்கென்று தனி வளாகம் கிடையாது, சார்ப்ரூக்கன் நகரத்தில் ஒரு அலுவலகம், அவ்வளவுதான். வகுப்புகள் எல்லாம் இரண்டு நாட்டிலும் இருக்கிற பல்கலைக்கழகங்களில் நடக்கும். மாணவர் படிப்பின் ஒரு பெரிய பகுதியை மற்ற நாட்டில் படிப்பார், முடிவில் இரண்டு நாட்டுப் பட்டமும் கிடைக்கும். இதில் நான் கவனித்தது, பாடத்திட்டத்தை இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் சேர்ந்து எழுதாத எந்தப் படிப்புக்கும் அங்கே காசு கிடையாது, காசு கிடைத்த படிப்பையும் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப மதிப்பிடுவார்கள். நட்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பாடத்திட்டத்தை யாரோ இருவர் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

நட்பு குளிர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். 2014 பெப்ரவரியில் சுவிஸ் மக்கள் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வாக்களித்தார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு முறிந்து, அந்த வருடமே சுவிஸ் பல்கலைக்கழகங்கள் எராஸ்மஸில் முழுப் பங்காளி என்ற இடத்தை இழந்தன. மாணவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. அப்போது சுவிஸ் அரசு செய்ததை நான் மதிக்கிறேன்: தன் காசில் ஒரு மாற்றுத் திட்டம் தொடங்கி, வெளியே போகிற சுவிஸ் மாணவருக்கு மட்டும் இல்லாமல் உள்ளே வருகிற வெளிநாட்டு மாணவருக்கும் உதவித்தொகை கொடுத்தது. வருகிறவருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன், முழுக் கதையின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு பக்கம், சீனாவோடும் ஹொங்கொங்கோடும் இருந்த ஃபுல்பிரைட் திட்டத்தை 2020 ஜூலையில் அமெரிக்கா ஒரு நிர்வாக உத்தரவால் முடித்துக்கொண்டது.

எங்கள் நாடு எந்த இராணுவக் கூட்டணியிலும் இல்லை, அணிசேரா நாடு என்று சொல்லிக்கொள்கிறோம், 1976இல் அந்த மாநாடு கொழும்பிலேயே நடந்தது. அதனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பல பக்கத்திலிருந்தும் கதவு திறக்கிறது: இந்தியா, ஜப்பான், சீனா, ரஷ்யா, ஐரோப்பா, 1959இல் தொடங்கிய பொதுநலவாயப் புலமைப்பரிசில். நல்லது. ஆனால் இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்தியக் கலாசார உறவுகள் பேரவை தருகிற இடம் போன்றவை பரிமாற்றம் இல்லை, புலமைப்பரிசில். நீங்கள் அங்கே போய் முழுப் பட்டமும் படித்து அந்தப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழோடு வருகிறீர்கள், இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பரிமாற்றம் என்றால் நீங்கள் இங்கேயே பதிவான மாணவி, ஒரு செமஸ்டர் அல்லது ஒரு வருடம் அங்கே படித்துவிட்டு வருகிறீர்கள், பட்டம் இங்கேதான். இரட்டைப் பட்டம் என்பது மூன்றாவது வகை, அதற்கு இரண்டு பல்கலைக்கழகத்து மூதவையும் (செனட்) ஒரே பாடத்திட்டத்தை ஏற்றிருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் சிலர் மூன்றையும் ஒன்றாகக் கலந்து ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று சொல்லிக் கட்டணம் கேட்பார்கள். உண்மையான பரிமாற்றத்தில் நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிப்புக் கட்டணம் கட்டத் தேவையில்லை, நடுவில் ஒரு ஏஜென்சியும் தேவையில்லை. யாராவது காசு கேட்டால் அது வேறு ஏதோ.

சரி, தாளுக்கு வருவோம். மூன்று அடுக்கு இருக்கிறது. மேலே புரிந்துணர்வு ஒப்பந்தம், துணைவேந்தர்கள் கையெழுத்திடுவது, படம் எடுப்பது எல்லாம் இதற்குத்தான். அதில் பெரும்பாலும் “ஒத்துழைக்க விரும்புகிறோம்” என்ற அளவில்தான் இருக்கும், எத்தனை மாணவர், எந்தத் துறை, யார் காசு என்று இருக்காது. அதற்குக் கீழே பரிமாற்ற உடன்படிக்கை, அதில்தான் எண்கள் வரும்: வருடத்துக்கு இத்தனை பேர், இத்தனை மாதம், இந்த இந்தத் துறை. எராஸ்மஸ் என்றால் அதற்கான காசை ஐரோப்பியப் பல்கலைக்கழகம்தான் தன் நாட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்து எடுக்க வேண்டும், எங்கள் பக்கத்திலிருந்து நேரே கேட்க முடியாது. ஆகவே அந்தப் பக்கம் எங்களுக்காக விண்ணப்பம் எழுதுகிற ஒரு மனிதர் இருக்க வேண்டும். அந்த மனிதர் ஓய்வு பெற்றால், வேறு ஊருக்கு மாறினால், பல ஒப்பந்தங்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும். உங்கள் கேள்வியில் “அதுக்குப் பிறகு ஒன்றும் தெரிவதில்லை” என்று இருந்ததே, அநேகமாகக் காரணம் இதுதான்: மேல் அடுக்கு இருக்கும், கீழ் அடுக்கு எழுதப்பட்டிருக்காது, அல்லது எழுதியவர் போயிருப்பார்.

மூன்றாவது அடுக்குத்தான் உங்களுடையது. கற்றல் உடன்படிக்கை என்று சொல்லலாம், லேர்னிங் அக்ரிமென்ட் என்றுதான் எல்லாரும் சொல்வோம். இரண்டு நிரல்கள் கொண்ட ஒரு அட்டவணை. இடப்பக்கம் நீங்கள் அங்கே படிக்கப்போகிற பாடங்கள், வலப்பக்கம் அதற்குப் பதிலாக இங்கே உங்களுக்குக் கணக்கில் எடுக்கப்படும் பாடங்கள். கீழே மூன்று கையெழுத்து: நீங்கள், உங்கள் பீடம், அந்தப் பல்கலைக்கழகம். இந்த மூன்று கையெழுத்தும் நீங்கள் புறப்படுவதற்கு முன்னே விழுந்திருக்க வேண்டும். வலப்பக்கம் வெறுமையாக இருக்கிற அட்டவணையில் கையெழுத்திட்டுக்கொண்டு போகாதீர்கள். “போயிட்டு வாங்கோ, வந்த பிறகு பார்ப்பம்” என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

கிரெடிட் கணக்கை நீங்களே போடத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணித்தியால உழைப்பு, வகுப்பு, வாசிப்பு, பரீட்சைக்குப் படிக்கிற நேரம் எல்லாம் சேர்த்து. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம். ஆக அங்கே 6 கிரெடிட் புள்ளிவிவரவியல் என்றால் குறைந்தது 150 மணித்தியாலம், இங்கே அது 3 கிரெடிட். பாதிக்குப் பாதி என்று மனதில் வைத்தால் போதும். அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 எடுத்தால் இங்கே 15, ஒரு முழு செமஸ்டர் சரியாக நிரம்பிவிடும். இது தெரியாமல் “30 கிரெடிட் படித்தேன், ஒரு வருடத்தைக் கழித்துத் தாருங்கள்” என்று வந்து நின்றவர்களும் உண்டு, “அங்கே 6 கிரெடிட், இங்கே 3தான், பொருந்தாது” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. இரண்டும் பிழை.

பெறுபேற்றில் வருகிற சிக்கல் இன்னும் மோசம். ஜேர்மனியில் 1.0 என்பது அதி உயர்ந்த புள்ளி, 4.0 என்றால் மட்டுமட்டாகச் சித்தி, 5.0 சித்தியில்லை. எங்கள் ஜிபிஏ எனும் சராசரிப் புள்ளியில் 4.0 உச்சம். தலைகீழ். நான் திரும்பி வந்து, அங்கே வாங்கிய பெறுபேற்றுத் தாளை எங்கள் கந்தோரில் கொடுத்தேன். உயிரியல் புள்ளிவிவரவியலுக்கு 1.7, சூழலியலுக்கு 1.3, என் வாழ்க்கையிலேயே அவ்வளவு உழைத்து வாங்கிய புள்ளிகள். மேசையில் இருந்த ஐயா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக, “பிள்ளை, அங்க குளிருக்கை சரியாப் படிக்கேலாமப் போச்சோ?” என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். நான் சிரித்துக்கொண்டு விளக்கினேன், அவருக்கு விளங்கியது. ஆனால் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கு மாற்றும் முறை என்று எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து மாதம் அந்தத் தாள் மேசை மேசையாகப் போனது. முடிவில் மூன்று பாடத்தை ஏற்றார்கள், இரண்டை ஏற்கவில்லை, அந்த இரண்டையும் அடுத்த பட்சோடு உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அம்மாவின் பயம் அர்த்தமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அது நடந்தது. நான் அந்த ஃபைல் பொறுப்பை எடுத்த முதல் மாதமே செய்த வேலை, மாற்றும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி மூதவைக்கு அனுப்பி ஒப்புதல் எடுத்ததுதான். ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே ‘திருத்திய பவேரியச் சூத்திரம்’ என்று ஒன்றைப் பயன்படுத்துகின்றன: உச்சப் புள்ளி, சித்திப் புள்ளி, உங்கள் புள்ளி மூன்றையும் போட்டால் ஒரு அளவிலிருந்து மற்ற அளவுக்கு வந்துவிடும். ஆகவே கற்றல் உடன்படிக்கையோடு, எந்த முறையில் புள்ளி மாற்றப்படும் என்று ஒரு வரியும் எழுதி வாங்குங்கள். ‘சித்தி, சித்தியில்லை’ என்று மட்டும் கணக்கெடுப்பார்களா, ஜிபிஏயில் சேர்ப்பார்களா என்பதும் அதில் இருக்கட்டும்.

ஒரு வருடம் பிந்துவதற்கு உண்மையான பெரிய காரணம் இவையெல்லாவற்றையும் விட நாட்காட்டிதான். ஜேர்மனியில் குளிர்கால செமஸ்டர் ஒக்டோபரில் தொடங்கும், வகுப்புகள் பெப்ரவரி நடுப்பகுதி வரை, அடுத்தது ஏப்ரலில். வருடா வருடம் அதே மாதம், மாறாது. எங்கள் செமஸ்டர்கள் கொரோனாவுக்குப் பிறகும் பணிப்புறக்கணிப்புகளுக்குப் பிறகும் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று ஒவ்வொரு பட்சுக்கும் வேறாகிவிட்டது. நீங்கள் அவர்களுடைய ஒக்டோபருக்குப் போனால் இங்கே ஒரு செமஸ்டரின் கடைசிப் பாதியும் அடுத்த செமஸ்டரின் முதல் பாதியும் கைவிட்டுப் போகலாம், அதாவது ஒன்றுக்காக இரண்டு. விண்ணப்பிக்கிற அன்றைக்கே ஒரு கடதாசியில் மேலே அவர்களுடைய மாதங்கள், கீழே உங்கள் பட்சின் மாதங்கள் என்று கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு செமஸ்டரைத் தொடுகிறது என்றால், விட்டுப்போகிற பரீட்சையை முதல் தடவை எழுதுகிறவராகவே பிறகு எழுத விடுவார்களா, ரிப்பீட் என்று போடுவார்களா என்று பீடாதிபதி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ரிப்பீட் என்று விழுந்தால் வகுப்புத் தரத்தில் அடிபடும். இதைக் கேட்காமல் போனவர்கள்தான் அதிகம் வருந்தினார்கள்.

இனி சுவிஸ் கதையில் நான் விட்ட முடிச்சு. பரிமாற்றம் என்பது உண்மையிலேயே மாற்றிக்கொள்வது. அவர்களுடைய மாணவர் இங்கே வந்து கட்டணமில்லாமல் படிக்கிறார், உங்கள் மாணவர் அங்கே போய்க் கட்டணமில்லாமல் படிக்கிறார், ஒன்றுக்கு ஒன்று. எங்கள் நாட்டில் இலவசக் கல்வி, நாங்கள் இங்கே கட்டணம் கட்டுவதில்லை. ஜேர்மனியிலும் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் இல்லை, பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது, பரிமாற்றத்தில் வருகிறவருக்கு அங்கேயும் விலக்கு. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் விடுதி அறை, ஆய்வுகூட இடம், ஆசிரியரின் நேரம் என்று கணக்குப் பார்க்கத்தான் செய்யும். ஐந்து வருடத்தில் நாங்கள் பத்துப் பேரை அனுப்பி, அவர்களிலிருந்து ஒருவரும் இங்கே வரவில்லை என்றால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் மரியாதையாக ஒரு கடிதம் வரும். அதோடு முடிந்தது. நான் பார்த்த ஃபைல்களில் நின்றுபோனவை பல இப்படித்தான் நின்றன, யாரும் சண்டை பிடிக்கவில்லை, இங்கே வருவதற்கு அவர்களுடைய மாணவருக்கு ஒரு காரணம் நாங்கள் கொடுக்கவில்லை.

இதில்தான் திருகோணமலையை நினைத்தால் எனக்கு மனம் ஆறாது. மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது, அந்தக் குடாவிலிருந்தே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது, கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே நீலத் திமிங்கிலம் பார்க்கலாம். நிலாவெளிக்கு முன்னால் புறாமலையின் பவளப்பாறை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு. உங்கள் கோணேசபுரி வளாகத்திலேயே சித்த மருத்துவம். மூன்று இனமும் மூன்று மொழியும் ஒரே சந்தையில். கடல் படிக்கிற, மருந்து படிக்கிற, சமூகம் படிக்கிற ஒரு பிள்ளைக்கு உலகத்தில் இதைவிட நல்ல இடம் நிறைய இல்லை. அவுஸ்திரேலியா 2014இலிருந்து ‘நியூ கொழும்புத் திட்டம்’ என்று தன் மாணவர்களை எங்கள் பிராந்தியத்துக்கு அனுப்பக் காசு கொடுக்கிறது. பழைய கொழும்புத் திட்டம் 1951இல் எங்கள் பிள்ளைகள் அங்கே போவதற்காக, புதியது அவர்களுடைய பிள்ளைகள் இங்கே வருவதற்காக. வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்தால் உட்கார ஆங்கிலத்தில் நடக்கிற இரண்டு மூன்று பாடம், ஒரு சுத்தமான விடுதி அறை, விசா நீட்டிப்புக்குக் கடிதம் எழுதித் தருகிற ஒரு ஆள், இவ்வளவும் இருந்தால் போதும்.

ஒரு முறை அப்படி ஒரு மாணவி வந்தா, மீன்வளம் படிக்கிறவ, மூன்று மாதம். விடியற்காலையில் நிலாவெளியில் கரைவலை இழுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். வலையின் மடி கரைக்கு வந்ததும் ஒரு அடிமட்டத்தோடு மணலில் குந்திவிட்டா. சூடை, கீரி, நெத்தலி, பாரைக் குஞ்சு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, நீளம் அளந்து, நனைந்த கொப்பியில் எழுதுகிறா, தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதுகிறா. முதல் நாள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். நாலாம் நாள் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயாவே ஒரு பிடி சூடையை அவ முன்னால் போட்டு, “பிள்ளை, இது சின்னன், பத்து வருசத்துக்கு முன்னம் இந்த மாதத்தில இவ்வளவு சின்னன் வராது” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவ அளக்கிறதை நிறுத்திவிட்டு அவரிடம் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டா: எந்த மாதம், எந்தக் காற்று, கண்ணி அகலம் எவ்வளவு. என்னோடு வந்திருந்த எங்கள் மாணவர் இருவரும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான், அந்த ஐயாவிடம் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்கள். அதில் ஒருவர் இறுதி வருட ஆய்வை அதே கரையில்தான் செய்தார். ஒரு வெளிநாட்டுப் பிள்ளை இங்கே வந்ததால் எங்கள் பிள்ளைக்குக் கிடைத்த பலன் இது, எந்த அறிக்கையிலும் இது எண்ணாக வராது.

யாருக்குப் பலன் என்று கேட்டீர்களே, என் பதில்: நேரே போகிறவருக்கு முதலில், பிறகு அவர் திரும்பி வந்து உட்கார்கிற வகுப்புக்கு. நான் ஜேர்மனியில் கற்ற பெரிய விசயம் பாடத்தில் இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டில் பிழை இருக்கிறது என்று பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கையை உயர்த்திச் சொன்னான், அவர் திரும்பிப் பார்த்து, நன்றி சொல்லி, அழித்துவிட்டு எழுதினார், வகுப்பு தொடர்ந்தது. யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. நான் இப்போது வகுப்பெடுக்கும்போது என் பிழையைக் காட்டுகிற பிள்ளைக்கு நன்றி சொல்லித்தான் அழிக்கிறேன்.

சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஐரோப்பா தேவையில்லை, பக்கத்திலேயே வேறு யாருக்கும் இல்லாத வசதி இருக்கிறது. சென்னை தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, நூல்களும் தமிழ், நோயாளியும் தமிழ். மொழித் தேர்வு இல்லை. அங்குள்ள பிள்ளைகளுக்கும் எங்கள் பரம்பரை வைத்தியர்களின் ஏடும் கைமுறையும் புதிதாக இருக்கும். இரண்டு பக்கமும் கொடுக்க இருக்கிற இடத்தில்தான் பரிமாற்றம் நீடிக்கும், உங்கள் துறையில் அது நிறைய இருக்கிறது. விரிவுரையாளர்களிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

காசைப் பற்றிச் சுருக்கமாக. எராஸ்மஸில் போகிறவருக்கு நான் ஃபைல் பார்த்த காலத்தில் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை, பயணக் காசு தனி. இருக்கப் போதும், மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று போகாதீர்கள். முதல் தவணை பெரும்பாலும் நீங்கள் போய் இறங்கி, வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் விழும், அறைக்கான முற்பணம் அதற்கு முன்னே கேட்பார்கள். முதல் ஒன்றரை மாதத்துக்கான காசைக் கையில் கொண்டுபோங்கள். விசாவுக்குக் கொழும்புக்கு எத்தனை தரம் இரவு பஸ் ஏற வேண்டி வரும் என்று சொல்ல முடியாது, கடவுச்சீட்டை இன்றைக்கே எடுத்து வையுங்கள், அது கையில் இல்லாமல் இடம் கிடைத்தும் போக முடியாமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். குளிர் உடுப்பு இங்கே வாங்காதீர்கள், அங்கே பழைய உடுப்புக் கடைகளில் நல்லதாக, மலிவாகக் கிடைக்கும்.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: மூன்று கையெழுத்துள்ள தாள், புள்ளி மாற்றும் முறை, விடுபடும் பரீட்சைக்கு எழுத்தில் ஒரு பதில், இந்த மூன்றும் வந்தால் பிந்தாது, இந்த மூன்றில் ஒன்று வராவிட்டால் அந்த முறை விட்டுவிட்டு அடுத்த முறைக்குப் பார்ப்பேன் என்று. இரண்டாம் வருடம்தான், இன்னும் நேரம் இருக்கிறது. அட்டவணையின் இடப்பக்கத்தைத் தெரிவு செய்யும்போது ஒன்று கவனியுங்கள், அங்கே ஒரே பெயரில் விரிவுரை, செமினார், பயிற்சி வகுப்பு என்று மூன்று தனித்தனிப் பதிவு இருக்கும், மூன்றுக்கும் கிரெடிட் வேறு. பரீட்சைக்கும் தனியாகப் பதிய வேண்டும், வகுப்புக்குப் பதிந்தால் பரீட்சைக்கும் பதிந்ததாகாது, கடைசித் திகதி தாண்டினால் எழுத விடமாட்டார்கள். நிரப்பி முடித்ததும் பாடப் பெயர்களையும் கிரெடிட்டையும் எனக்கு அனுப்புங்கள், வலப்பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறேன்.